கைபேசித் தரவைக் கொண்டு நகரச் சுற்றுலாப் பயணிகளின் நடமாட்டத்தை அறிய முடியுமா?

நகர்வரைவு எழுதியது:

நகரச் சுற்றுலாத் திட்டமிடலில் ஈடுபட்டிருக்கும் எங்கள் குழு ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது: தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றிடமிருந்து கைபேசி இருப்பிடத் தரவை விலைகொடுத்து வாங்குவதா, வேண்டாமா? இதுவரை நாங்கள் நம்பியிருப்பவை, விடுதிகள் தரும் தங்கல் கணக்கும் சில இடங்களில் நின்று பயணிகளிடம் எடுக்கும் நேர்காணலும்தான். உறவினர் வீட்டில் தங்குபவர்களும், காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுபவர்களும் விடுதிக் கணக்கில் வருவதே இல்லை. நேர்காணலில் கேட்டால், பெயர்பெற்ற இடங்களைச் சரியாகச் சொல்கிறார்கள். அவற்றுக்கு இடையே எந்தத் தெருக்களின் வழியே போனார்கள் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. எங்களுக்கு வேண்டியதோ அந்த இடைவழிகள்தான்.

தரவை விற்க வந்தவர்கள் நகர வரைபடத்தின்மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் படம் ஒன்றைக் காட்டினார்கள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால், அந்தச் சிவப்புக்குள் இருப்பவர்களில் யார் சுற்றுலாப் பயணி என்று எதை வைத்து முடிவு செய்தார்கள், ஒரு கைபேசியை எத்தனை மனிதராகக் கணக்கிட்டார்கள் என்று கேட்டபோது தெளிவான பதில் வரவில்லை. இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கோபுரநிழல் எழுதியது:

தொலைத்தொடர்பு வலையமைப்புப் பிரிவில் பணியாற்றுகிறவன் என்ற முறையில், படத்துக்கு அடியில் கிடக்கும் கச்சாப் பொருளிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பதிவில் பெரும்பாலும் நான்கு செய்திகள் இருக்கும்: சந்தாதாரரைக் குறிக்கும் எண், நேரம், கைபேசி தொடர்பு கொண்ட கோபுரத்தின் அடையாளம், நடந்தது அழைப்பா, குறுஞ்செய்தியா, இணையப் பயன்பாடா என்ற குறிப்பு. கைபேசி எந்தத் தெருவில் இருந்தது என்ற செய்தி அதில் இல்லை. கோபுரத்தின் அலை எட்டும் பரப்பைத்தான் நாம் இடமாக எடுத்துக்கொள்கிறோம். நெருக்கமான நகர மையத்தில் அந்தப் பரப்பு சில நூறு மீட்டருக்குள் அடங்கும். புறநகரைத் தாண்டிவிட்டால் சில கிலோமீட்டர் வரை விரியும்.

வெளிநாட்டவரை இனம்காண்பது, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிட எளிது. சிம் அட்டைக்குரிய சர்வதேசச் சந்தாதாரர் எண் அதிகபட்சம் 15 இலக்கங்கள் கொண்டது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: இத்தாலிக்கு 222, பின்லாந்துக்கு 244, எஸ்தோனியாவுக்கு 248, ஜப்பானுக்கு 440. ஆகவே, ரோமிங்கில், அதாவது தன் நிறுவனத்தின் வலையமைப்பை விட்டு வேறொன்றில் இருக்கும் ஒரு கைபேசி எந்த நாட்டுச் சிம்மைக் கொண்டது என்பது முதல் தொடர்பிலேயே தெரிந்துவிடும். அதை வைத்திருப்பவர் எந்த நாட்டவர் என்பது அதிலிருந்து உறுதியாகாது. வந்திறங்கியதும் உள்ளூர்ச் சிம் வாங்கிப் போட்டுக்கொள்பவர் உள்ளூர்வாசியாகவே பதிவாவார். இப்போது பரவிவரும் பயண இ-சிம்களில் (அட்டையின்றிக் கைபேசிக்குள்ளேயே பதியப்படும் சிம்களில்) சிக்கல் இன்னும் கூடுதல். அவற்றைப் பல நாடுகளில் விற்கும் நிறுவனங்கள் மூன்றாவது ஒரு நாட்டின் எண்ணை வழங்குவதுண்டு என்பதால், ஜப்பானியர் ஒருவரின் கைபேசி ஐரோப்பியருடையதைப் போலத் தோன்றலாம்.

தரவு வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது கட்டணப் பதிவா, சமிக்ஞைப் பதிவா என்பது. கட்டணப் பதிவு, பயனர் ஏதாவது செய்தால்தான் உண்டாகும். நாள் முழுவதும் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றியவரின் பாதையில் காலையில் ஒரு புள்ளியும் இரவில் ஒரு புள்ளியும் மட்டுமே இருக்கும். சமிக்ஞைப் பதிவில், பயனர் தொடாவிட்டாலும் கைபேசி தானாக அவ்வப்போது வலையமைப்புக்குத் தன் இருப்பைத் தெரிவிப்பதும், ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் சேர்ந்திருக்கும். நகரத்துக்குள் நடமாட்டத்தைப் பார்க்க இரண்டாவது இல்லாமல் முடியாது. பல விற்பனைப் படங்கள் எந்த வகைத் தரவில் வரையப்பட்டவை என்று சொல்வதே இல்லை.

ஒரு கைபேசியை அருகில் சென்று பார்ப்போம். ஆற்றங்கரை விடுதி ஒன்றின் மூன்றாம் மாடியில், சன்னலோரம் ஒருவர் கைபேசியை மின்னூட்டத்தில் வைத்துவிட்டு உறங்குகிறார். தெருப்பக்கக் கோபுரத்துக்கும் அறைக்கும் நடுவே நான்கு கட்டடங்கள். ஆற்றுப் பக்கத்தில் தடுப்பு எதுவும் இல்லை, எதிர்க்கரைக் கோபுரத்தின் அலை தண்ணீருக்கு மேல் தங்குதடையின்றி வருகிறது. இரண்டின் வலிமையும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால், கைபேசி இரவு முழுவதும் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மாறிக்கொண்டே இருக்கும். பதிவை அப்படியே வாசித்தால், அந்த மனிதர் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே பலமுறை ஆற்றைக் கடந்திருக்கிறார். பாலமோ அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடக்க முடியாத வேகத்தில் நிகழும் இத்தகைய தாவல்களை நீக்குவதற்கு வழிமுறைகள் உண்டு. ஆனால், தாவலை நீக்கும் அளவுகோலைச் சற்று இறுக்கினால், உண்மையிலேயே பாலத்தைக் கடந்து உடனே திரும்பிய பயணியும் அதோடு சேர்ந்து நீங்கிவிடுவார். ஆறும் கடற்கரையும் உள்ள நகரங்களில் இந்த அளவுகோல் என்னவென்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எண்ணும்மனம் எழுதியது:

மேலே நண்பர் கருவியைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறேன். புள்ளியியல் துறையில் இருப்பவர்களுக்கு உண்மையான தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் பரிந்துரைப்படி, வழக்கமான வாழ்க்கைச் சூழலுக்கு வெளியே, ஓராண்டுக்குக் குறைவான காலத்துக்கு, சென்ற இடத்திலுள்ள முதலாளி ஒருவரிடம் வேலைக்கு அமர்வதைத் தவிர்த்த வேறு முதன்மை நோக்கத்தோடு பயணம் செய்பவரே வருகையாளர். அவர் குறைந்தது ஓர் இரவு தங்கினால் சுற்றுலாப் பயணி. தங்காவிட்டால் ஒருநாள் வருகையாளர். இந்த வரையறையில் மூன்று சோதனைகள் இருக்கின்றன. இரவு தங்கினாரா என்பதைக் கைபேசி ஓரளவு நன்றாகவே சொல்லும். இது அவருடைய வழக்கமான சூழலா என்பதை, மாதக்கணக்கில் பின்னோக்கிப் பார்த்தால் ஊகிக்கலாம். எதற்காக வந்தார் என்பதை அது ஒருபோதும் சொல்லாது. அருங்காட்சியகத்தின் எதிரே மூன்று மணிநேரம் இருந்த கைபேசி, அங்கே சுவர் பூசும் ஒப்பந்தத் தொழிலாளியுடையதாகவும் இருக்கலாம்.

இத்தரவை அதிகாரப்பூர்வக் கணக்குக்குள் முதலில் துணிந்து கொண்டுவந்த நாடுகளில் எஸ்தோனியா முன்வரிசையில் நிற்கிறது. தார்த்து பல்கலைக்கழகப் புவியியலாளர் ரெய்ன் ஆஹாஸும் அவருடைய சகாக்களும், ரோமிங் பதிவுகளைச் சுற்றுலா ஆய்வுக்குப் பயன்படுத்த முடியுமா என்று மதிப்பிட்ட கட்டுரையை 2008இல் வெளியிட்டார்கள். விடுதிக் கணக்கோடு ஒப்பிட்டு, இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போவதைக் காட்டினார்கள். பின்னர் அந்நாட்டு மத்திய வங்கியே, அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில் (பிற நாடுகளோடு நடக்கும் பண வரவு, செலவுக் கணக்கில்) பயணப் பகுதியை மதிப்பிட இத்தரவைப் பயன்படுத்தத் தொடங்கியது. எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் இருக்கும் சிறிய நாடு அது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து கப்பலில் ஏறினால் இரண்டு மணிநேரத்தில் அதன் தலைநகர் தாலினில் இறங்கிவிடலாம். கடவுச்சீட்டு முத்திரையை எண்ணிக் கணக்கெடுக்கும் வழி அடைபட்டபோது, கைபேசி அவர்களுக்குத் தேவையாகிவிட்டது. இந்தோனேசியாவின் புள்ளியியல் அலுவலகம் 2016 முதல் எல்லைப்புறப் பகுதிகளில் வருகையாளரை மதிப்பிட இதைக் கையாள்வதற்கும் காரணம் அதுதான்: சோதனைச் சாவடியே இல்லாத இடங்களில் யாரை எங்கே நிறுத்திக் கேட்பது?

ஆனால், அங்கும் எண்ணிக்கை பதிவிலிருந்து நேரடியாக எழுந்து வரவில்லை. எல்லையோரம் வசிப்பவரின் கைபேசி, வீட்டை விட்டு நகராமலேயே அண்டை நாட்டுக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டு ரோமிங்காகப் பதிவாகும். அவரைக் கழிக்க வேண்டும். சரக்குந்தில் நாட்டைக் குறுக்காகக் கடந்துபோனவரைத் தனியே பிரிக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு கழித்தலுக்கும் ஒரு விதி வேண்டும். விதியை மாற்றினால் எண்ணும் மாறும்.

வழிப்போக்கன் எழுதியது:

கோபுரத்தை வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு அல்லாட வேண்டும்? செயலிகள் திரட்டும் ஜிபிஎஸ் தரவு சில மீட்டர் துல்லியத்தில் கிடைக்கிறதே, அதை வாங்கிவிட்டால் தெருவரை தெரிந்துவிடாதா?

கோபுரநிழல் எழுதியது:

துல்லியம் உண்மைதான், வழிப்போக்கன். ஆனால் அந்தத் தரவில் யார் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. கோபுரப் பதிவில் ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர் அனைவரும் இருக்கிறார்கள். செயலித் தரவில், குறிப்பிட்ட சில செயலிகளை நிறுவி, இருப்பிட அனுமதியும் கொடுத்தவர்கள் மட்டும் இருக்கிறார்கள். ஒரு வானிலைச் செயலி அடுத்த புதுப்பிப்பில் அனுமதி கேட்கும் முறையை மாற்றினால், உங்கள் நகருக்கு வரும் பயணிகள் திடீரெனப் பாதியாகக் குறைந்ததுபோல் வரைகோடு விழும். சட்டச் சிக்கலும் சிறிதல்ல: அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், இருப்பிடத் தரவை விற்றதற்காக 2022இல் கோசாவா நிறுவனத்தின்மீது வழக்கே தொடுத்தது.

ஒரு குறிப்பிட்ட சதுக்கத்துக்குள் மக்கள் எந்த ஓரமாக நடக்கிறார்கள் என்று பார்க்க ஜிபிஎஸ் மாதிரி போதும். நகரத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அதைக் கேட்காதீர்கள். பொதுவெளியில் பதிவேற்றப்படும் புகைப்படங்களுக்கும் இது பொருந்தும். ரோம் நகரத்தில் ஃபிளிக்கர் படங்களின் இருப்பிடக் குறிப்புகளையும் கைபேசி வலையமைப்புத் தரவையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. படமெடுக்கத் தூண்டும் இடம் ஒன்று, உட்கார்ந்து கைபேசியில் பேசும் இடம் வேறொன்று என்பதால், இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கொள்வதைவிட ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பிக்கொள்வதே பயனுள்ளது.

மறைகுறி எழுதியது:

இந்த இழையில் இதுவரை ஒருவரும் தொடாத பக்கத்துக்கு வருகிறேன். “பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டோம், இனி இது அநாமதேயத் தரவு” என்று விற்பனையாளர் சொன்னால், அந்த வாக்கியத்தை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். 2013இல் இவ்-அலெக்சாந்தர் த மோன்ழுவாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, 15 லட்சம் பேரின் 15 மாத நடமாட்டப் பதிவுகளை ஆராய்ந்தது. கோபுர அளவில் இடமும் மணிக்கணக்கில் நேரமும் மட்டுமே இருந்தாலும், ஒருவர் எந்நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கு புள்ளிகள் தெரிந்தால் 95 விழுக்காட்டினரின் தடத்தைத் தனித்துக் கண்டுபிடித்துவிட முடியும் என்பது அதன் முடிவு. பெயர் நீக்கப்பட்டாலும் தடம் கைரேகையைப் போலத் தனித்தே நிற்கிறது.

சுற்றுலாப் பயணிகளைப் பொறுத்தவரை, இந்த ஆபத்து குறைவு என்று வாதிடுபவர்கள் உண்டு. சில நாட்கள் இருந்துவிட்டுப் போகிறவரின் தடம் சிறியது, அதில் வீடும் அலுவலகமும் இல்லை என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த நான்கு புள்ளிகளைத் தேடி யாரும் அலைய வேண்டாதபடி, பயணி தானே படத்தோடும் நேரத்தோடும் சமூக ஊடகத்தில் போட்டுவிடுகிறார். காலையில் பார்வைக் கோபுரத்தின் உச்சியில் ஒரு படம், மதியம் சந்தையில் ஒன்று, மாலையில் படகில் ஒன்று, இரவில் உணவகத்தில் ஒன்று என்று நான்கையும் எடுத்துக்கொண்டு, பெயரில்லாத தடங்களோடு ஒப்பிட்டால், அவர் படம் போடாத மணிநேரங்களில் எங்கே இருந்தார் என்பதும் வெளிப்பட்டுவிடும்.

மக்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் கவனியுங்கள். ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் 2019 நவம்பரில், மூன்று பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து கூட்டுத்தொகையாக்கப்பட்ட நடமாட்டத் தரவைப் பெற்றபோது, தனிநபர் பதிவு எதுவும் கைமாறவில்லை என்று விளக்கிய பின்னரும் கடும் எதிர்ப்பு எழுந்தது. சட்டப்படி சரியாக இருப்பது மட்டும் போதாது. என்ன செய்கிறோம் என்பதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

நகர்வரைவு எழுதியது:

மறைகுறிக்கு நன்றி. இதில் ஒரு சந்தேகம். உண்மை எண்ணுக்குப் பதிலாக இடும் புனை எண்ணை 24 மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம், ஆகவே நீண்ட தடமே உருவாகாது என்று விற்பனையாளர் சொல்கிறார். அப்படியானால் உங்கள் அச்சம் தீர்ந்துவிடுகிறது அல்லவா?

எண்ணும்மனம் எழுதியது:

அவருடைய அச்சம் குறைகிறது, என்னுடையது கூடுகிறது. நள்ளிரவில் எண் மாறினால், நேற்று இரவு விடுதியில் இருந்தவரும் இன்று காலை அதே விடுதியிலிருந்து புறப்படுபவரும் கணக்கில் இரண்டு பேர். இரவு தங்கியதை உறுதி செய்ய முடியாது, சராசரியாக எத்தனை நாட்கள் தங்குகிறார்கள் என்று சொல்ல முடியாது, மூன்று நாள் தங்கியவர் மூன்று வருகையாளராக எண்ணப்படுவார். எந்த வரையறைக்காகத் தரவை வாங்குகிறீர்களோ, அந்த வரையறையையே இந்தப் பாதுகாப்பு உடைத்துவிடுகிறது. உள்நாட்டுப் பயணிகளைக் காண்பதும் இயலாது. அதற்கு ஒவ்வொரு கைபேசியும் வழக்கமாக எங்கே இரவைக் கழிக்கிறது, எங்கே பகலைக் கழிக்கிறது என்று பல வாரங்கள் பார்த்து வீட்டையும் பணியிடத்தையும் ஊகித்தாக வேண்டும். (இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு வீடும் அலுவலகமும் இடம் மாறிப்போகும் வேடிக்கையும் இதில் நடக்கும்.)

வெனிஸ் நகரத்தைப் பாருங்கள். அங்கே 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட 29 நாட்களுக்கு, ஒருநாள் வருகையாளரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கப்பட்டது; அடுத்த ஆண்டு அது 54 நாட்களாகி, கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களுக்கு 10 யூரோவாக உயர்ந்தது. நகரத்துக்குள் இரவு தங்குபவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஏனெனில் அவர்கள் தங்கல் வரி செலுத்திவிடுகிறார்கள். அந்நகர நிர்வாகம் ட்ரான்கெட்டோ தீவில் வைத்திருக்கும் கண்காணிப்பு அறைக்குக் கைபேசித் தரவும் வருகிறது. நகரத்தில் இப்போது எத்தனை பேர், எந்த நாட்டிலிருந்து என்று அங்கே திரையில் பார்க்கிறார்கள். கொள்கை முழுவதும் தங்கியவர், தங்காதவர் என்ற ஒரே கோட்டின்மேல் நிற்பதால், அந்தக் கோட்டைத் தரவால் வரைய முடியாவிட்டால் திரையில் தெரியும் எண்ணை வைத்துக் கட்டணத்தின் விளைவை அளக்க முடியாது.

மறைகுறி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆகவே புனை எண்ணை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதைவிட, கணக்கை எங்கே போடுவது என்பதே சரியான கேள்வி. நீண்ட தடம் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சுவர்களுக்குள்ளேயே இருக்கட்டும். உங்கள் விதிகளை அவர்களிடம் கொடுத்து, அங்கேயே கணக்கிடச் சொல்லி, அட்டவணையை மட்டும் வெளியே பெறுங்கள். ஜப்பானில் டோகோமோ நிறுவனம் 2013 முதல் வழங்கும் மக்கள்தொகைப் புள்ளிவிவரச் சேவை இந்த வடிவில்தான் இருக்கிறது: அடையாளத்தை நீக்குதல், மொத்த மக்கள்தொகைக்கு விரித்து மதிப்பிடுதல், மிகச் சிறிய எண்களை மறைத்தல் என்ற மூன்று படிகளையும் நிறுவனத்துக்குள்ளேயே முடித்துவிட்டு, 500 மீட்டர் கட்டங்களில் மணிக்கொரு எண்ணிக்கையை வெளியிடுகிறார்கள்.

மூன்றாவது படியில் மட்டும் விழிப்பாக இருங்கள். இருபது பேருக்குக் குறைவாக உள்ள கட்டங்கள் மறைக்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மணி, இடம், நாடு என்று மூன்று வகையிலும் பகுத்துக் கேட்டால், நகர மையத்தில் பெரிய நாட்டவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். சிறிய நாட்டவர்களும், ஒதுக்குப்புறமான இடங்களும், அதிகாலையும் அட்டவணையிலிருந்து காணாமல் போகும். பயணிகளை நெரிசலிலிருந்து விலக்கிப் பிற பகுதிகளுக்கு அனுப்புவதே உங்கள் திட்டமென்றால், அந்தப் பிற பகுதிகளைப் பற்றித்தான் தரவு மௌனமாக இருக்கும். பகுப்பைக் குறையுங்கள்: மணிக்குப் பதில் முற்பகல், பிற்பகல், நாட்டுக்குப் பதில் நாட்டுத் தொகுதி.

எண்ணும்மனம் எழுதியது:

விரித்து மதிப்பிடுவதைப் பற்றி ஒரு சொல். உள்ளூர்ச் சந்தையில் ஒரு நிறுவனத்துக்கு நாற்பது விழுக்காடு பங்கு இருந்தால், அதன் ரோமிங் கைபேசிகளை இரண்டரையால் பெருக்கினால் போதும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். ரோமிங்கில் அந்தப் பங்கு செல்லாது. எந்த வெளிநாட்டு நிறுவனம் எவரோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறதோ, அவருடைய வலையமைப்புக்கே தன் சந்தாதாரரைத் திருப்பிவிடும். ஒரு நாட்டின் பயணிகளில் பெரும்பகுதியினர் உங்கள் விற்பனையாளரிடமும், இன்னொரு நாட்டவர் ஏறத்தாழ அனைவரும் அவருடைய போட்டியாளரிடமும் இருக்கக்கூடும். ஒப்பந்தம் மாறும் மாதத்தில், பயணிகள் யாரும் கூடாமலும் குறையாமலும் வரைகோடு ஏறும் அல்லது இறங்கும். விலை மாற்றமும் இதைச் செய்யும்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்கான கூடுதல் கட்டணம் 2017 ஜூன் 15 அன்று நீக்கப்பட்டதும், அதுவரை இணையத்தை அணைத்து வைத்திருந்தவர்கள் அதைத் திறந்துவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள கட்டணப் பதிவுகளை ஒரே தொடராக வாசிக்கக் கூடாது.

அதனால் என் கருத்து இது: இத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்று அறிக்கையில் எழுத இந்தத் தரவை வாங்காதீர்கள், அதற்கு விடுதிக் கணக்கும் துறைமுக, விமான நிலையக் கணக்கும் அடித்தளமாக இருக்கட்டும். எந்த இரண்டு இடங்களை ஒரே நாளில் சேர்த்துப் பார்க்கிறார்கள், மழை நாளில் ஓட்டம் எங்கே திரும்புகிறது, நெரிசல் எந்த மணியில் எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறது என்ற கேள்விகளுக்கு வாங்குங்கள். விகிதமும் வரிசையும் பற்றிய இக்கேள்விகளில், பெருக்கும் எண் சற்றுப் பிசகினாலும் விடை பெரிதாகக் கெட்டுவிடாது.

நகர்வரைவு எழுதியது:

குழுவின் முன் வைக்க எனக்குத் தெளிவு கிடைத்துவிட்டது. சமிக்ஞைத் தரவாக இருக்க வேண்டும், கணக்கு அவர்கள் இடத்திலேயே நடக்க வேண்டும், விரித்த எண்ணோடு விரிக்காத எண்ணையும் தர வேண்டும், கோபுரங்கள் சேர்க்கப்பட்ட, நீக்கப்பட்ட தேதிகளைத் தர வேண்டும், தாவல் நீக்கத்தின் அளவுகோலை எழுத்தில் தர வேண்டும் என்று நிபந்தனைகளை எழுதப்போகிறேன். நேர்காணல் ஆய்வை நிறுத்தி அந்தப் பணத்தை இதற்குத் திருப்பலாம் என்று குழுவில் ஒரு யோசனை இருக்கிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எண்ணும்மனம் எழுதியது:

நிறுத்திவிட்டால், வாங்கும் தரவைச் சரிபார்க்க உங்களிடம் எதுவும் இருக்காது. பயண நோக்கமும் செலவும் நேர்காணலில் மட்டுமே கிடைப்பவை. அதோடு, நீங்கள் எத்தனை பேராக வந்திருக்கிறீர்கள், உங்களில் எத்தனை கைபேசிகள் இப்போது இயங்குகின்றன, அவற்றில் எந்த நாட்டுச் சிம் இருக்கிறது, எந்த வலையமைப்பின் பெயர் திரையில் தெரிகிறது என்ற கேள்விகளை இப்போதைய படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள். கேட்டு முடிக்க ஒரு நிமிடம் போதும். ஒப்பந்தம் முடிவாவதற்குள் ஒரு பருவத்தின் விடைகள் கையில் இருந்தால், ஒரு கைபேசிக்கு எத்தனை மனிதர் என்று நீங்கள் விற்பனையாளரைக் கேட்க வேண்டியதில்லை. அவர் சொல்லும் எண் சரியா என்று பார்த்தால் போதும்.